மலை மண்ணுக்குக் கல் தூள்: எது உரம், எது வெறும் கழிவு?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதி மலை ஏறியதும் திரும்பிப் பார்த்தால், கீழே சமவெளியில் வெள்ளை வெளேரென்று குவியல்கள் தெரியும். அவை மாக்னசைட் சுரங்கங்களிலிருந்து வெட்டிக் கொட்டிய கல்லும் மண்ணும். மேலே செம்மநத்தம் போன்ற மலைக் கிராமங்களை அடைந்தால் காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா என்று பசுமை. அதற்கு அடியில் சிவந்த மண். கீழே வெள்ளைக் கல் வீணாகக் கிடக்கிறது. மேலே மலை மண் சுண்ணாம்புக்கு ஏங்குகிறது. அந்த வெள்ளைக் கழிவை லாரியில் ஏற்றிவந்து இந்தச் சிவப்பு மண்ணில் போட்டால் என்ன? மலை விவசாயி ஒருவர் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கனிமக் கழிவுகளில் நல்ல உரமாகப் பயன்படுபவை உண்டு. பயனும் இல்லாமல் கெடுதலும் இல்லாமல் கிடப்பவை உண்டு. நிலத்தைத் தலைமுறைக்கும் கெடுக்கக் கூடியவையும் உண்டு. மூன்றும் பார்வைக்கு ஒரே தூளாகத்தான் இருக்கும். யூரியாவை அதிகமாக இட்டுவிட்டால் இரண்டு மழையில் கரைந்துவிடும். கல் தூள் அப்படியல்ல. மண்ணில் கலந்துவிட்ட கல் தூளை மீண்டும் அள்ளி எடுக்க முடியாது. ஒன்று அல்லது இரண்டு ஏக்கரை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயி, லாரியை வரவழைக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்களை இங்கே காண்போம்.

மலை மண் ஏன் புளிப்பாகிறது?

சேர்வராயன் மலையில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கின்றன. ஆண்டாண்டு காலமாகப் பெய்யும் மழைநீர், மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் மேலே தங்கிவிடுகின்றன. மண் சிவந்திருப்பதற்கு இரும்பே காரணம். மலையின் உச்சிப் பகுதிகளில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பதற்கும் இந்தக் கழுவுதலே காரணம்.

இத்துடன் நாம் இடும் உரங்களும் சேர்ந்துகொள்கின்றன. தழைச்சத்து உரங்கள் மண்ணில் மாற்றமடையும்போது அமிலம் உண்டாகிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்டச் சுமார் 110 கிலோ தூய கால்சியம் கார்பனேட் தேவை. 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80 கிலோ தேவை. உரம் மட்டும் இட்டுச் சுண்ணாம்பை மறந்துவிட்ட தோட்டத்தில், ஆண்டுக்கு ஆண்டு இந்தக் கடன் ஏறிக்கொண்டே போகும்.

மண்ணின் கார அமில நிலையைப் பி.எச். எண்ணால் குறிக்கிறார்கள். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஓர் எண் குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. காப்பிக்கு 6 முதல் 6.5 வரை உள்ள மண் ஏற்றது. 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்கத் தொடங்கும். நாம் காசு கொடுத்து வாங்கி இட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். உரம் மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. "போன வருஷம் போட்ட அளவுதான் போட்டேன், காய்ப்பு குறைந்துவிட்டது" என்று சொல்லும் தோட்டங்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புளிப்பைத்தான்.

கல்லை உரமாக்கிய அனுபவங்கள்

பாறை நொறுங்கித்தான் மண்ணாகிறது. ஆகவே கல்லைப் பொடித்து மண்ணில் இடும் யோசனை புதியது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தாமஸ் முறையில் எஃகு காய்ச்சியபோது, இரும்பிலிருந்த மணிச்சத்தும் உலையில் இட்ட சுண்ணாம்பும் சேர்ந்து கசடாக வெளியேறின. முதலில் அதைக் குப்பை என்று கொட்டினார்கள். பிறகு அதையே பொடித்துப் புளிப்பு நிலங்களில் இட்டுப் பல ஆண்டுகள் பயன் கண்டார்கள். ஆலைக் கழிவு நல்ல உரமான கதைகளில் இதுவே முதன்மையானது. மணிச்சத்தும் சுண்ணாம்பும் அந்த மண்ணில் குறைவாக இருந்தன. கசடில் அந்த இரண்டும் இருந்தன. அதனால்தான் அது பலித்தது.

தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற மொரீஷியஸ் தீவில், மழையால் சத்து இழந்த பழைய மண்ணில் எரிமலைக் கல்லாகிய பசால்ட்டைப் பொடித்து இட்டுப் பார்த்தார்கள். கரும்பு விளைச்சல் கூடியதை 1961-இல் வெளியிட்டார்கள். ஆனால் அங்கு இட்டது மூட்டைக் கணக்கில் அல்ல. எக்டேருக்குப் பல பத்து டன்.

பிரேசில் நாடு 2013-இல் தன் உரச் சட்டத்திலேயே கல் தூளைச் சேர்த்தது. 2016-இல் அதற்குத் தரக் கட்டுப்பாடும் விதித்தது. சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்து ஆகிய மூன்றின் ஆக்சைடுகளும் சேர்ந்து குறைந்தது 9 சதவீதம் இருக்க வேண்டும். சாம்பல் சத்து மட்டும் 1 சதவீதமாவது இருக்க வேண்டும். தனி மணற்சத்து, அதாவது குவார்ட்ஸ், 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆர்சனிக், காட்மியம், பாதரசம், காரீயம் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. எந்தக் கல்லையும் பொடித்துவிட்டு உரம் என்று விற்க அங்கே வழியில்லை.

நம் நாட்டில் சத்தீஸ்கர் மாநில நெல் வயல்களில் பசால்ட் தூள் இடும் மதி கார்பன் என்ற நிறுவனம், 2025 ஏப்ரலில் உலக அளவிலான எக்ஸ் பிரைஸ் போட்டியில் முதல் பரிசாக 5 கோடி டாலர் பெற்றது. கல் கரையும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்கிறது என்பதே இப்பரிசுக்குக் காரணம். இதனால் கல் தூள் பற்றிய பேச்சு இப்போது மறுபடியும் எழுந்துள்ளது. பேச்சு எழும்போது விற்பனையும் எழும். விவசாயி விழிப்பாக இருக்க வேண்டிய வேளை இதுவே.

வெள்ளைக் கற்கள் மூன்று வகை

சேலம் வட்டாரத்தில் வெள்ளைக் கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்றைப் பிரித்து அறிய வேண்டும்.

முதலாவது சுண்ணாம்புக்கல். சங்ககிரிப் பகுதியில் கிடைப்பது இதுதான். சிமெண்டு செய்யப் பயன்படுகிறது. இதில் உள்ளது கால்சியம் கார்பனேட். இதன் புளிப்பு நீக்கும் திறனை 100 என்று வைத்துக்கொண்டே மற்றவற்றை அளக்கிறார்கள்.

இரண்டாவது டோலமைட். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கல். தூய டோலமைட்டின் திறன் 109. இதில் சுமார் 30 சதவீதம் கால்சியம் ஆக்சைடும் 22 சதவீதம் மக்னீசியம் ஆக்சைடும் உள்ளன. மழையால் இரண்டு சத்துக்களையும் இழந்த மலைத் தோட்டத்துக்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாவதுதான் சேலம் மாக்னசைட். இது மக்னீசியம் கார்பனேட். தூய கல்லில் கிட்டத்தட்ட 48 சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு உண்டு. கணக்குப்படி இதன் திறன் 119; அதாவது சுண்ணாம்புக்கல்லை விட அதிகம். இதைக் கேட்டதும், 'அப்படியானால் இதுவே சிறந்தது' என்று தோன்றலாம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

செடிக்கு மக்னீசியம் தேவைதான். இலையின் பச்சையத்துக்கு நடுநாயகம் அதுவே. ஆரஞ்சு மரத்தில் முதிர்ந்த இலை மஞ்சளாகி, அடிப்பாகத்தில் மட்டும் முக்கோணமாகப் பச்சை நின்றால், அது மக்னீசியக் குறையின் அடையாளம். காப்பியிலும் முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் ஓடும். ஆனால் மண்ணில் எப்போதும் கால்சியம் மிகுந்தும் மக்னீசியம் அதைவிடக் குறைந்தும் இருக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் பி.எச். சரியாகிவிடும், செடி மட்டும் தேறாது. கால்சியம் கிடைக்காமல் வேரும் குருத்தும் முடங்கும். மக்னீசியம் மிகுந்த பாறைகள் உள்ள இடங்களில் இயற்கை மண்ணே வளமற்று இருப்பதை உலகெங்கும் காணலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சுரங்கத்துக்கு வெளியே குவிந்து கிடப்பது தூய மாக்னசைட் அல்ல. நல்ல கல்லைப் பொறுக்கி எடுத்த பின் எஞ்சியது அது. அதில் டூனைட் என்னும் தாய்ப்பாறையும் அது மட்கிய மண்ணும் கலந்திருக்கும். அந்தப் பாறை இனத்தில் நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே இருக்கும். நிக்கல் அதிகமானால் பயிருக்கு நஞ்சு. புளிப்பு மண்ணில் அது இன்னும் எளிதாகக் கரைந்து வேருக்குள் செல்லும்.

சூளையில் சுட்ட மாக்னசைட்டும் உண்டு. மிதமாகச் சுட்டது வீரியம் மிக்கது. தூய நிலையில் அதன் திறன் 248 வரை இருக்கும். அளவு சற்றுத் தவறினாலும் வேர் வெந்துவிடும். உலைச் செங்கலுக்காகக் கடும் வெப்பத்தில் சுட்டதோ மண்ணில் கரையாமல் கல்லாகவே கிடக்கும். மூட்டையில் 'மாக்னசைட் தூள்' என்று எழுதியிருந்தால் இவற்றுள் எது என்று கேட்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால், மக்னீசியம் குறைவு என்று மண் பரிசோதனையில் தெரிந்தால் மட்டும், ஆய்வு செய்த தூய மாக்னசைட் தூளைச் சிறிதளவு, சுண்ணாம்புத் தூளோடு சேர்த்து இடலாம். குவியலிலிருந்து அள்ளிவந்த கழிவைச் சுண்ணாம்புக்குப் பதிலாக இடுவது கூடாது. டோலமைட் கிடைக்கும்போது இந்தச் சிரமமே தேவையில்லை.

எலுமிச்சைச் சாறு சோதனை

ஆய்வகத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே முதல் சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். சந்தேகப்படும் கல்லை மாவாகப் பொடித்து, கண்ணாடித் தம்ளரில் ஒரு கரண்டி போட்டு, எலுமிச்சைச் சாற்றை ஊற்றவும். சுண்ணாம்புக்கல் தூளானால் உடனே நுரை பொங்கும். டோலமைட் தூளானால் மெல்ல, விட்டுவிட்டுக் குமிழி வரும். மாக்னசைட் குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் அசையாது. கருங்கல் தூளும் டூனைட்டும் சும்மா கிடக்கும்.

இது பொய்யை வடிகட்டும் சோதனையே தவிர, தரத்தைச் சொல்லும் சோதனை அல்ல. வெள்ளையாக இருக்கிறது, ஆனால் நுரைக்கவில்லை என்றால், 'சுண்ணாம்பு' என்று சொல்லி விற்க வருபவரிடம் ஆய்வுச் சீட்டு கேளுங்கள்.

விலை மலிவா? கணக்குப் பாருங்கள்

கல் தூளின் பயன் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, புளிப்பு நீக்கும் திறன். மற்றொன்று, தூளின் மென்மை. அங்குலத்துக்கு 60 கண் உள்ள சல்லடையில் சலித்து விழும் மாவு முழுமையாக வேலை செய்யும். 60 கண் சல்லடையில் தங்கி, 8 கண் சல்லடையில் விழும் குருணைக்குப் பாதிப் பலன் என்று கொள்ளலாம். 8 கண் சல்லடையிலும் விழாத பொடிக் கற்களுக்குப் பலன் இல்லை என்றே கணக்கிட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மண் பரிசோதனையில் ஏக்கருக்கு 1,000 கிலோ தூய கால்சியம் கார்பனேட் தேவை என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு மலிவாகக் கிடைக்கும் குவாரிக் கழிவின் திறன் 80. அதில் 100 கிலோவைச் சலித்தால் 40 கிலோ மாவு, 40 கிலோ குருணை, 20 கிலோ பொடிக்கல். மாவுக்கு 40, குருணைக்குப் பாதியாக 20, பொடிக்கல்லுக்குப் பூஜ்யம், ஆக 60. 80-இல் 60 சதவீதம் 48. எனவே 1,000 கிலோ வேலையைச் செய்ய இக்கழிவு சுமார் 2,080 கிலோ வேண்டும்.

திறன் 90 உள்ள, முழுதும் மாவாக அரைத்த விவசாயச் சுண்ணாம்புத் தூளானால் சுமார் 1,110 கிலோ போதும். லாரி வாடகையும் சுமை கூலியும் இரண்டுக்கும் டன் கணக்கில் ஒன்றுதான். சாலையிலிருந்து தோட்டம் வரை தலைச்சுமையாகக் கொண்டு போகும் மலைக் கிராமத்தில், பாதிப் பலன் தரும் கல்லை இரட்டிப்பாகச் சுமப்பது லாபமா என்று விவசாயியே முடிவு செய்யட்டும். தோட்டத்தில் வந்து இறங்கிய விலையை இந்தப் பலன் எண்ணால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

காகித ஆலைகளிலிருந்து வரும் சுண்ணாம்புச் சேறும் இவ்வாறே. அது கால்சியம் கார்பனேட்தான்; மென்மையாகவும் இருக்கும். ஆனால் ஈரம் மிகுதி. நூறு கிலோவில் எத்தனை கிலோ தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சோடா உப்பு கலந்திருக்கிறதா என்றும் ஆய்வு செய்ய வேண்டும்.

புளிப்பு மண்ணுக்கு ஏற்ற ராக் பாஸ்பேட்

கனிமத் தூள்களில் மலை மண்ணுக்கென்றே அமைந்தது ராக் பாஸ்பேட். ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில் 1968-இல் இதன் பெரும் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையில் எப்பாவல படிவம் 1971-இல் வெளிப்பட்டது. அங்கு தோட்டப் பயிர்களுக்கு அதைப் பொடித்து நேராக இடுகிறார்கள். சமவெளிக் கார மண்ணில் இது கரையாது. புளிப்பு மண்ணில் அந்தப் புளிப்பே இதைக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும். சூப்பர் பாஸ்பேட்டைப் போல உடனடிப் பலன் இராது. பல ஆண்டுகள் நின்று உதவும்.

இங்கே ஒரு தவறு நேரலாம். ராக் பாஸ்பேட்டையும் சுண்ணாம்பையும் ஒரே சமயத்தில் இடக் கூடாது. சுண்ணாம்பு புளிப்பைக் குறைத்துவிட்டால் ராக் பாஸ்பேட் கரைய வழியில்லை. ராக் பாஸ்பேட்டை முதலில் இட்டு, ஒரு மழைக்காலம் கழிந்த பின் சுண்ணாம்பு இடுவது முறை.

இதைவிடவும் நல்ல வழி, கம்போஸ்டில் சேர்ப்பது. காப்பிப் பழத்தை உரித்த பின் எஞ்சும் தோல் ஏற்காட்டு மலையில் ஏராளம். அதை ஓடையில் தள்ளினால் தண்ணீர் கெடும். மேட்டுப் பாங்கான இடத்தில் குழி எடுத்து, அரை அடி உயரத்துக்குத் தோலும் இலைச் சருகும் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, 100 கிலோ கழிவுக்கு 2 கிலோ வீதம் ராக் பாஸ்பேட் தூவி, மறுபடியும் தோல் பரப்பி, இவ்வாறு அடுக்கிக்கொண்டு போக வேண்டும். மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று நான்கு மாதங்களில் மட்கிவிடும். மட்கும்போது உண்டாகும் அமிலங்கள் கல்லைக் கரைக்கும். காப்பித் தோலில் சாம்பல் சத்தும் உண்டு. ஆக ஒரே குழியில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்கும் கிடைக்கின்றன.

கருங்கல் தூள்

ஜல்லி உடைக்கும் இடங்களில் மலைபோல் கிடக்கும் கருங்கல் தூள் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அதில் சாம்பல் சத்து அடங்கிய கனிமம் இருப்பது உண்மை. ஆனால் அது கல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கரைந்து வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும். புளிப்பை நீக்கும் திறன் அதற்கு இல்லையென்றே சொல்லலாம். குவார்ட்ஸ் மிகுந்த கருங்கல் தூள் பிரேசில் நாட்டின் விதிப்படி உரமாகத் தேறாது. மொரீஷியஸில் பலன் தந்த பசால்ட் வேறு வகைக் கல். அந்தப் பெயரைச் சொல்லி இதை விற்றால் நம்ப வேண்டாம். அருகிலேயே இலவசமாகக் கிடைத்தால் மெல்லிய தூளைக் கம்போஸ்ட் குழியில் சிறிது தூவலாம். காசு கொடுத்து, வாடகை கொடுத்து மலைமேல் ஏற்ற வேண்டாம்.

தொடக் கூடாதவை

சேர்வராயன் மலையின் பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. அங்கே 2008-இல் அலுமினிய உற்பத்தி நின்றது. பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்த பின் எஞ்சுவது செஞ்சேறு. பார்ப்பதற்கு நம் மலை மண் போலவே சிவப்பாக இருக்கும். நம் மலையிலிருந்து போனது தானே என்றும் தோன்றும். ஆனால் அது காஸ்டிக் சோடாவில் வெந்த மண். கடும் காரமும் சோடியமும் உடையது. வயலில் இட்டால் மண் இறுகிவிடும். புளிப்பு போய்விடும், ஆனால் களர் வந்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகு செய்யும் ஆலை. அவ்வகை எஃகுக்குக் குரோமியம் சேர்ப்பார்கள். முன்னே சொன்ன தாமஸ் கசடு வேறு. இவ்வகை எஃகின் கசடு வேறு. ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றை இடக் கூடாது.

அனல் மின் நிலையச் சாம்பல், எரித்த நிலக்கரியைப் பொறுத்துக் குணம் மாறும். போரானும் கன உலோகங்களும் இருக்கக் கூடும். ஆய்வுச் சீட்டும் வேளாண் அலுவலரின் ஆலோசனையும் இல்லாமல் உணவுப் பயிருக்கு இட வேண்டாம்.

ஜிப்சம் நல்ல பொருள். உர ஆலைகளில் உபபொருளாகக் கிடைக்கும் ஜிப்சம் களர் நிலத்துக்கும் நிலக்கடலைக்கும் பெரிதும் உதவுகிறது. ஆனால் அது புளிப்பை நீக்காது. கால்சியம் இருக்கிறது என்பதற்காக மலைத் தோட்டத்தில் சுண்ணாம்புக்குப் பதிலாக ஜிப்சம் இட்டால் பி.எச். உயராது.

இடும் முறை

முதலில் மண் பரிசோதனை. மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது முதல் பி.எச்., பேரூட்டம், நுண்ணூட்டம் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் தருகிறார்கள். தோட்டத்தில் 15, 20 இடங்களில், சருகை விலக்கிவிட்டு, செடியின் கிளை நிழல் விழும் வட்டத்தில் 9 அங்குல ஆழத்துக்கு மண் எடுங்கள். நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். உரமிட்டு இரண்டு மூன்று மாதங்களுக்குள் மண் எடுக்க வேண்டாம். மேட்டுப் பகுதி, பள்ளப் பகுதி இரண்டையும் தனித்தனியே அனுப்புங்கள். சுண்ணாம்பு எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட்டுத் தரும்படி கேளுங்கள். ஏற்காட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது; அங்கும் ஆலோசனை பெறலாம்.

அறுவடை முடிந்தபின் மண்ணில் ஈரம் இருக்கும்போது சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூளை இடலாம். பூ மலர்ந்திருக்கும் நாட்களில் தூவ வேண்டாம். தூரில் கொட்டாமல் தோட்டம் முழுவதும் பரவலாகத் தூவி, வேர் அறுபடாமல் லேசாகக் கொத்திவிட வேண்டும். 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 காப்பிச் செடிகள் வரும். ஏக்கருக்கு 1,000 கிலோ என்றால் செடிக்குச் சுமார் 800 கிராம் பங்கு விழும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒரே தடவையில் இடாமல் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்து இடுவது நல்லது. அளவு மீறினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் குருத்து இலைகள் வெளுக்கும்.

யூரியா, அம்மோனியம் சல்பேட், தொழு உரம் ஆகியவற்றோடு சுண்ணாம்பைக் கலக்கக் கூடாது. தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். இரண்டுக்கும் இடையே ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும். சரிவான நிலத்தில் முதலில் வரப்பும் செடிக்கு மேற்புறம் பிறை வடிவத் தடுப்பும் அமைத்துவிட்டுப் பிறகு தூவவும். இல்லாவிட்டால் ஒரு கனமழையில் நம் சுண்ணாம்பு அடுத்தவர் தோட்டத்துக்குப் போய்விடும்.

கல் தூள் எதுவானாலும் மூக்கிலும் வாயிலும் ஈரத் துணி கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று தூவ வேண்டும். கருங்கல் தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது. குழந்தைகளை இவ்வேலைக்கு விடக் கூடாது. சுரங்கம், குவாரிகளிலிருந்து எதை ஏற்றி வந்தாலும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைத்த கழிவு வழக்கில் கொண்டுபோய் விடக் கூடாது.

இருபது செடிகளில் தொடங்குங்கள்

புதிய கல் தூள் எதையும் முழுத் தோட்டத்திலும் இட்டுப் பார்க்க வேண்டாம். ஒரே வரிசையில் ஒரே வயதுள்ள 40 செடிகளைத் தேர்ந்தெடுங்கள். 20 செடிகளுக்குத் தூளை இடுங்கள். 20 செடிகளை அப்படியே விடுங்கள். மற்ற உரமும் களையெடுப்பும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு அறுவடைகளின் பழ எடையைத் தனித்தனியே நிறுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் இரு பகுதி மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வித்தியாசம் தெரிந்தால் தோட்டம் முழுவதும் இடலாம். தெரியாவிட்டால் போனது சில மூட்டைகள் மட்டுமே, தோட்டம் தப்பியது.

காப்பிச் செடி இந்த மலைக்கு வந்தது, சேலம் ஆட்சித்தலைவராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820-களில். இருநூறு ஆண்டுகளாக மழையும் பயிரும் எடுத்துக்கொண்ட சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நம் கடமை. அதற்குக் கல் உதவும். ஆனால் மலையடிவாரத்தில் மலிவாகக் கிடக்கிறது என்பது ஒரு கல்லை உரமாக்கிவிடாது. மண்ணில் என்ன குறை என்று அட்டையில் பார்த்து, கல்லில் என்ன இருக்கிறது என்று சீட்டில் பார்த்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் லாரியை மலை ஏறச் சொல்லுங்கள்.